மூளைக்குச் செல்லும் வழி: தென்னார்க்காட்டுச் சாலைகளும் தமனிப் படங்களும்

அத்தியாயம் 11

விழுப்புரமும் திண்டிவனமும், 1993 செப்டம்பர் 30-இல் விழுப்புரம் தனி மாவட்டமாகும்வரை, கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தின் ஊர்களாகவே இருந்தன. இரண்டுமே இருப்புப்பாதையாலும் சாலையாலும் வளர்ந்த ஊர்கள்; விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னை எழும்பூருக்கும் திருச்சிக்கும் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கும் பாதைகள் பிரிந்தன; திண்டிவனத்திலோ சென்னைச் சாலையிலிருந்து ஒருபுறம் புதுச்சேரிக்கும் மறுபுறம் செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கத்துக்கும் சாலைகள் கிளைத்தன. மூளையின் இரத்தக்குழாய் நோய்களுக்கான மருத்துவம் இவ்வட்டாரத்தை எவ்வாறு வந்தடைந்தது என்பதை எழுதப் புகுவோர் இந்தப் பாதைகளிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அம்மருத்துவம் இந்த ஊர்களில் இல்லை, பாதையின் மறுமுனையில் இருந்தது.

நோயின் இயல்பை முதலில் சுருக்கமாகக் கூறிவிடலாம். உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. அதைச் சேமித்து வைக்கும் வசதி மூளைக்கு இல்லாததால், இரத்த ஓட்டம் சில நிமிடங்கள் நின்றாலே அப்பகுதியின் செல்கள் மடியத் தொடங்குகின்றன. கழுத்தின் இருபுறமும் ஏறும் கரோட்டிட் தமனிகள் இரண்டும், கழுத்து முள்ளெலும்புகளின் துளைகள் வழியே ஏறும் தமனிகள் இரண்டுமாக நான்கு குழாய்கள் மூளைக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்கின்றன. அவை மூளையின் அடியில் ஒரு வளையமாக இணைந்து, அங்கிருந்து கிளைவிடுகின்றன. இக்கிளைகளில் ஒன்று உறைகட்டியால் அடைபடுவது ஒரு வகை நோய். ஒன்று வெடித்து இரத்தம் கசிவது மற்றொரு வகை. வெடிப்புக்குப் பெரும்பாலும் நீண்டநாள் உயர் இரத்த அழுத்தம் காரணம். சிலரிடம் தமனிச் சுவர் நலிந்து குமிழாகப் புடைக்கும் அனியூரிசம் காரணம். வேறு சிலரிடம், தமனியும் சிரையும் இடையே நுண்குழாய்கள் இல்லாமல் நேரடியாகப் பின்னிக்கொண்ட பிறவி முடிச்சு காரணம். வெளியே தெரியும் அறிகுறிகளோ அடைப்பிலும் கசிவிலும் பெரும்பாலும் ஒன்றே: வாய் கோணுகிறது, ஒரு பக்கத்துக் கையும் காலும் விழுந்துவிடுகின்றன, பேச்சு குழறுகிறது. ஊரார் இரண்டையும் பக்கவாதம் என்றார்கள். மருத்துவராலும் நெடுங்காலம் அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அடைப்பில் உறைகட்டியைக் கரைக்க வேண்டும், கசிவில் இரத்தம் உறைந்து நிற்க வேண்டும். ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றில் உயிரைப் பறித்துவிடும். ஆகவே உள்ளே நடப்பதைப் படமாகக் காணும்வரை மருத்துவரின் கை கட்டப்பட்டே இருந்தது.

அந்தப் படத்தை முதலில் எடுத்தவர் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரின் நரம்பியல் மருத்துவர் எகாஸ் மோனிஸ். 1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்த சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், வியன்னாவில் இருவர் ஒரு பிணத்தின் கையிலுள்ள குழாய்களில் எக்ஸ்-கதிர் ஊடுருவாத கலவையைச் செலுத்திப் படம் எடுத்திருந்தனர். உயிருள்ள மனிதரின் தலையில் அதையே செய்வதற்குத்தான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது, ஏனெனில் கதிரை மறைக்கும் அளவு அடர்த்தியான கரைசல்கள் மூளைக்குத் தீங்கு விளைவிப்பனவாக இருந்தன. மோனிஸ் முதலில் பயன்படுத்திய ஸ்ட்ரான்ஷியம் புரோமைடால் நோயாளி ஒருவர் இறந்தார். அதைக் கைவிட்டு 25 விழுக்காட்டுச் சோடியம் அயோடைடுக் கரைசலுக்கு மாறிய பின், 1927 ஜூன் 28-இல், பிட்யூட்டரிக் கட்டியுள்ள இருபது வயது இளைஞர் ஒருவரின் மூளைத் தமனிகள் கட்டியால் இடம்பெயர்ந்திருப்பதை அவர் படத்தில் கண்டார். மோனிஸின் கைகள் கீல்வாதத்தால் முடங்கியிருந்தமையால் கைவேலையைச் செய்துகொடுத்தவர் அவருடைய இளம் துணைவர் அல்மெய்டா லிமா. மோனிஸுக்கு 1949-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது இதற்காக அன்று, மனநோயாளிகளின் மூளை நரம்பிழைகளை அறுக்கும் ஓர் அறுவைமுறைக்காக. அந்த அறுவை மருத்துவ உலகால் கைவிடப்பட்டுவிட்டது, பரிசு பெறாத தமனிப்படமோ இன்றளவும் நாள்தோறும் உயிர்களைக் காக்கிறது. பரிசுக் குழு தவறான பணியைத் தேர்ந்துவிட்டது என்றே இத்துறையின் வரலாற்றை அறிந்தோர் கருத இடமுண்டு.

சென்னை மாகாணத்தில் இதற்கு வேண்டிய அடித்தளம் ஓரளவு முன்னரே இருந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1934-இல் பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. அதை உருவாக்கியவரான கேப்டன் பர்னார்டின் பெயரையே அது தாங்கியது. ஆனால் படத்தைப் பார்த்து மண்டையைத் திறக்கக்கூடிய அறுவை மருத்துவர் இல்லாமல் மூளைத் தமனிப்படத்தால் பயன் குறைவு. மாண்ட்ரியலில் வில்டர் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை நிறுவினார்; அடுத்த ஆண்டே, சீர்காழியில் பிறந்து நியூகாசிலில் பயிற்சி பெற்ற பா. இராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் அத்துறையைத் தொடங்கினார். இவ்விருவரும், மூளை மின்னலைகளை ஆராய்ந்த எஸ்.டி. நரசிம்மனும், நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங்கும் சேர்ந்து 1951-இல் இந்திய நரம்பியல் சங்கத்தை அமைத்தனர். நாட்டின் முதல் இரண்டு துறைகளும் தமிழகத்திலேயே, அதுவும் ஓராண்டு இடைவெளியில், தோன்றியது தென்னார்க்காட்டு மக்களுக்கு ஒரு பெரும்பேறு. விழுப்புரத்திலிருந்து எழும்பூருக்கு ஒரு வண்டி, வேலூர் கன்டோன்மென்டுக்கு மீட்டர் பாதையில் மற்றொரு வண்டி. ஆயினும் அந்த வண்டிகளில் ஏறிச் சென்றவர்கள் தலைவலியும் பார்வைக் குறைவும் மெல்லமெல்ல முற்றிய கட்டி நோயாளிகளே தவிர, திடீரென விழுந்த பக்கவாத நோயாளிகள் அல்லர். பின்னவருக்குப் பயணத்தைத் தாங்கும் உடல்நிலையும் இல்லை, போய்ச் சேர்ந்தாலும் அளிப்பதற்குச் சிகிச்சையும் இல்லை.

அக்காலத் தமனிப்படம் எடுக்கப்பட்ட முறையைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது தகும். நோயாளியை மல்லாத்திப் படுக்கவைத்து, கழுத்து பின்னால் வளையும்படி தோள்களுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். மருத்துவர் இடக்கை விரல்களால் கரோட்டிட் தமனியின் துடிப்பைத் தொட்டு நிலைநிறுத்திக்கொண்டு, வலக்கையால் தடித்த ஊசியை நேராகக் கழுத்தில் இறக்குவார். ஒளிச்சிவப்பான இரத்தம் பீறிட்டால் ஊசி தமனிக்குள் இருக்கிறது என்று பொருள். பின்னர் ஒரு மென்குழாய் இணைக்கப்பட்டு, கதிர்மறைக் கரைசல் பீற்றுக்குழலிலிருந்து ஓரிரு நொடிகளில் கைவலுவால் அழுத்தப்படும். அதே நேரத்தில் உதவியாளர் படத்தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து மாற்ற, முதல் தட்டில் தமனிகளும் அடுத்ததில் நுண்குழாய்களும் அதற்கடுத்ததில் சிரைகளும் பதியும். கரைசல் பாயும் கணத்தில் நோயாளிக்கு அந்தப் பக்க முகத்திலும் கண்ணிலும் சுடும் எரிச்சல் தோன்றும். அப்போது தலை அசைந்துவிட்டால் படம் கெட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் மருத்துவர் கண்டது குழாய்களை மட்டுமே, மூளையை அல்ல. நடுக்கோட்டில் செல்ல வேண்டிய தமனி ஒருபுறம் தள்ளப்பட்டிருந்தால் எதிர்ப்புறத்தில் கட்டியோ தேங்கிய இரத்தமோ இருக்க வேண்டும் என்று ஊகித்துத்தான் அவர் மண்டையைத் திறந்தார்.

கழுத்தைக் குத்தும் இம்முறையிலிருந்து விடுதலை அளித்தவர் ஸ்டாக்ஹோமின் கதிரியல் மருத்துவர் ஸ்வென் இவார் செல்டிங்கர். தொடைத் தமனியில் ஊசியைச் செலுத்தி, அதன் வழியே மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, ஊசியை உருவிவிட்டு, கம்பியின்மேல் கதீட்டர் எனப்படும் நெகிழ்குழாயை ஏற்றும் எளிய உத்தியை அவர் 1953-இல் வெளியிட்டார். இதனால் தொடையிலிருந்து கழுத்துவரை குழாயைக் கொண்டுசென்று நான்கு தமனிகளையும் ஒரே துளையின் வழியே படம் எடுக்க முடிந்தது. படம் எடுக்கப் போகும் குழாயே சிகிச்சையையும் கொண்டுசெல்லலாமே என்ற எண்ணம் விரைவில் பிறந்தது. அமெரிக்காவின் லூசன்ஹாப், ஸ்பென்ஸ் ஆகியோர் தமனி-சிரை முடிச்சு ஒன்றைச் சிறு செயற்கை உருண்டைகளைத் தமனியில் மிதக்கவிட்டு அடைத்ததை 1960-இல் அறிவித்தனர். மாஸ்கோவின் புர்தென்கோ நிலையத்தைச் சேர்ந்த ஃபியோதர் செர்பினென்கோ, குழாயின் நுனியிலிருந்து கழற்றி விடக்கூடிய நுண்பலூன்களால் அனியூரிசங்களை அடைத்த தம் பணியை 1974-இல் உலகறிய வெளியிட்டார். பலூன் வடிவில் மாறாதது, அனியூரிசமோ ஒவ்வொருவரிடமும் வேறு வடிவம். அழுத்தத்தில் அது வெடிப்பதும் உண்டு. இச்சிக்கலைத் தீர்த்தது ரோமைச் சேர்ந்த குய்தோ குலியெல்மியின் பிளாட்டினச் சுருள். ஒரு மில்லிமீட்டரில் கால்பங்கு தடிமனே உள்ள அந்த மென்சுருள், மூளைத் தமனிக்குள் சென்ற நுண்கதீட்டரின் வழியே அனியூரிசத்துக்குள் சுருண்டு படிகிறது. இடம் சரியில்லை எனில் மருத்துவர் அதை இழுத்துக்கொள்ளலாம். சரி எனில் மிகச் சிறிய மின்னோட்டம் செலுத்த, இணைப்புக் கம்பியின் ஒரு புள்ளி மின்பகுப்பால் கரைந்து சுருள் அங்கேயே நின்றுவிடுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1990-இல் முதல் நோயாளிக்குப் பயன்பட்ட இச்சுருளுக்கு 1995-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. வெடித்த அனியூரிசம் உள்ள 2,143 பேரைக் கொண்டு நடத்தி 2002-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், ஓராண்டு முடிவில் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்தோரும் மண்டையைத் திறந்து கிளிப் இட்ட பிரிவில் 30.6 விழுக்காடு, சுருள் இட்ட பிரிவில் 23.7 விழுக்காடு. தென்னிந்தியாவில் இக்கலை வளர்ந்த இடங்களில் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்துக்குச் சிறப்பான இடம் உண்டு.

எனினும், விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் நடுவில் வைத்து இவ்வரலாற்றை எழுதினால், பிளாட்டினச் சுருளைவிடப் பெரிய மாற்றத்தைச் செய்தது சி.டி. ஸ்கேன் என்றே கூற வேண்டும். காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு வடிவமைத்த இக்கருவி 1971 அக்டோபர் 1-இல் லண்டனின் விம்பிள்டன் பகுதியிலுள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளையைப் படம் எடுத்தது. தலையைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து எக்ஸ்-கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் வெளிவந்தது என்பதைக் கணினியால் கணக்கிட்டு, மூளையைக் குறுக்காக அரிந்து பார்த்தாற்போன்ற படத்தை அது தந்தது. புதிதாகக் கசிந்த இரத்தம் அப்படத்தில் வெள்ளையாகத் தெரியும். அடைபட்டு மடிந்த பகுதி சில மணி நேரம் கழித்துக் கருமையாகத் தெரியும். முதல் சில மணி நேரத்தில் அடைப்பு நோயாளியின் படம் பெரும்பாலும் மாறுதலின்றியே இருக்கும். பக்கவாத நோயாளியின் படத்தில் வெள்ளை இல்லை என்பதே மருத்துவருக்கு வேண்டிய செய்தி. ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிடங்களே போதும். மோனிஸின் முறைக்கு நரம்பியல் அறுவை மருத்துவர் இருந்தாக வேண்டும். இதற்கு ஓர் எந்திரமும் அதை இயக்கத் தெரிந்தவரும் படத்தைப் படிப்பவரும் இருந்தால் போதும் என்பதால், இது மாவட்டத்துக்கு வர முடிந்தது.

அது வந்த வழியில் இரண்டு அரசு ஏற்பாடுகளைக் குறிப்பிட வேண்டும். 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துக் கொள்முதலோடு நில்லாமல், அரசு மருத்துவமனைகளில் ஸ்கேன் மையங்களை ஏற்படுத்தித் தனியார் மையங்களைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் நடத்தியது. 2010-இல் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி, விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் இடையே, அதுவரை சர்க்கரை ஆலையால் மட்டுமே அறியப்பட்ட முண்டியம்பாக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டித் தொடங்கப்பட்டது. நகருக்கு வெளியே கொண்டுபோய் மருத்துவமனையை வைத்தார்கள் என்ற குறை விழுப்புரத்தாருக்கு உண்டு. வெளிநோயாளிகளுக்கு அது நியாயமான குறைதான். ஆனால் திண்டிவனம், செஞ்சி, மயிலம் பக்கத்திலிருந்து ஆம்புலன்சில் வரும் பக்கவாத நோயாளிக்கு நகர நெரிசலில் புகாமல் நெடுஞ்சாலையிலிருந்து நேரே சி.டி. அறைக்குச் செல்லும் வாய்ப்பை அதே இடத்தேர்வு அளிக்கிறது.

நேரம் இவ்வளவு பெரிதானது 1995-க்குப் பிறகு. அந்த ஆண்டில் அமெரிக்காவில் 624 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, அடைப்பு ஏற்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் ஆல்டெப்ளேஸ் என்னும் உறைகட்டி கரைக்கும் மருந்தைச் சிரைவழியே செலுத்தினால், மூன்று மாதம் கழித்து ஊனமின்றியோ மிகக் குறைந்த ஊனத்தோடோ இருப்போர் தொகை கூடுகிறது என்று காட்டியது. 2008-இல் இந்தக் காலவரம்பு நாலரை மணி நேரமாக நீண்டது. பெரிய தமனி அடைபட்டவர்களிடம் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006-இல் கணக்கிடப்பட்டது. அத்தகைய பெரிய கட்டி மருந்தால் எளிதில் கரைவதில்லை. அதற்கு விடையாக வந்தது கட்டியைக் குழாய்வழியே வெளியே எடுக்கும் முறை: கட்டியைத் துளைத்துச் சென்ற நுண்கதீட்டரிலிருந்து உலோகவலை ஒன்று கட்டிக்குள்ளேயே விரிகிறது, சில நிமிடங்களில் கட்டி வலைக்கண்களில் சிக்கிக்கொள்ள, உறிஞ்சலோடு சேர்த்து இரண்டும் ஒன்றாக வெளியே இழுக்கப்படுகின்றன. நெதர்லாந்தில் 500 நோயாளிகளிடம் நடந்து 2015 ஜனவரியில் வெளியான ஆய்வில், பிறர் உதவியின்றி வாழும் நிலைக்குத் திரும்பியோர் 19.1 விழுக்காட்டிலிருந்து 32.6 விழுக்காடாக உயர்ந்தனர். அதே ஆண்டில் வந்த வேறு ஆய்வுகளும் இதை உறுதிப்படுத்தின. 2018-இல், மூளைத் திசு இன்னும் மீட்கத்தக்க நிலையில் இருப்பதாகப் படம் காட்டும் நோயாளிகளுக்கு 24 மணி நேரம்வரை இதைச் செய்யலாம் என்று நிறுவப்பட்டது. இவ்வாறு, காலத்தை அளக்கும் பொறுப்பு கடிகாரத்திடமிருந்து ஓரளவு படத்துக்கு மாறியது.

ஆகவே இவ்வட்டாரத்தில் சிகிச்சை இரண்டு கட்டங்களாக அமைகிறது. முதல் கட்டம் சி.டி. படமும் கரைக்கும் மருந்தும். அது அருகிலேயே நடக்கலாம், நடக்கவும் வேண்டும். இரண்டாம் கட்டமான குழாய்வழிச் சிகிச்சைக்கு, இரு திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் தமனிகளைக் காட்டும் எக்ஸ்-கதிர்க் கருவியும் பயிற்சி பெற்ற குழுவும் இரவும் பகலும் தேவை என்பதால், அது பெருநகரங்களையே சார்ந்திருக்கிறது. மருந்தைத் தொடங்கிவிட்டு நோயாளியை அனுப்பும் இந்த ஏற்பாட்டில் திண்டிவனத்தின் இருப்பிடம் தனித்தன்மை உடையது. சென்னை 120 கிலோமீட்டருக்கு மேல்; புதுச்சேரி ஜிப்மரோ திண்டிவனம் சாலையிலேயே, கோரிமேட்டில், ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் இருக்கிறது. 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964-இல் நேருவின் பெயர் பெற்ற அந்நிறுவனம், மாநில எல்லைக்கு அப்பால் இருந்தாலும், திண்டிவனத்தாருக்குப் பல தலைமுறைகளாகச் சொந்த ஊர் மருத்துவமனையாகவே இருந்துவருகிறது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் சென்றவர்கள் கண்டமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்த காலமும் உண்டு. 2008 செப்டம்பரில் தமிழகத்தில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையும், விபத்து, மாரடைப்பு, தீக்காயம், நஞ்சு ஆகியவற்றோடு பக்கவாதத்தையும் ஒரே அவசர சிகிச்சை அமைப்பில் சேர்த்த மாநில அரசின் பின்னைய திட்டமும் இந்தத் தொலைவைக் குறுக்கின.

சாலையில் மிச்சமான நேரம் வீட்டில் கரைந்துபோவது பெருந்துயரம். பக்கவாதத்துக்குப் புறா இரத்தம் நல்லது என்ற நம்பிக்கை வட தமிழகக் கிராமங்களில் ஆழமானது. புறாவைத் தேடிப் போகும் நேரத்தில் நாலரை மணி கடந்துவிடுகிறது. அதனினும் தீங்கானது, நாக்கின் அடியில் மாத்திரை வைத்து இரத்த அழுத்தத்தைத் திடீரென இறக்கும் பழக்கம். அடைபட்ட தமனியைச் சுற்றிவந்து மூளையை ஓரளவு காப்பாற்றிக்கொண்டிருக்கும் சிறு கிளைகளின் ஓட்டம் அந்த அழுத்தத்தை நம்பியே இருக்கிறது, அழுத்தம் விழுந்தால் அதுவும் நின்றுவிடுகிறது.

சிரை அடைப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் அது பிள்ளை பெற்ற இளம்பெண்களின் நோயாக இந்திய மருத்துவமனைகளில் நெடுங்காலம் காணப்பட்டது. பிரசவத்தை ஒட்டி இரத்தத்தின் உறையும் தன்மை இயல்பாகவே கூடுகிறது. அதோடு, பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் ஆகாது என்று நாள்கணக்கில் தண்ணீரைக் குறைத்த வழக்கம் உடலை வறளச் செய்து, மூளையிலிருந்து இரத்தத்தை வடிக்கும் பெருஞ்சிரைகளில் கட்டி உறைய வழிசெய்தது. தீராத தலைவலி, வலிப்பு, பின்னர் கை கால் விழுதல் என்று வந்த இப்பெண்களுக்குப் பேய் பிடித்ததாகக் கருதி மந்திரித்த குடும்பங்களும் இருந்தன. எம்.ஆர்.ஐ. முறையில் சிரைகளை மட்டும் பிரித்துக் காட்டும் படம் வந்தபின்பே இந்நோய் உயிருள்ளபோது எளிதில் அடையாளம் காணப்பட்டது. சிரை அடைபட்டதால் பின்னழுத்தம் ஏறி மூளையில் இரத்தம் கசிந்திருந்தாலும், இரத்தத்தை உறையாமல் செய்யும் ஹெப்பாரினைக் கொடுக்கலாம், கொடுப்பதே நலம் என்று 1991-இல் ஜெர்மனியில் இருபதே நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு காட்டியது. கசிவுக்கு உறைதடுப்பு நஞ்சு என்ற பொதுவிதிக்கு இது ஒரு விலக்கு, அவ்விலக்கை இன்னது என்று துணிந்து சொல்லப் படத்தால் மட்டுமே முடியும். தமிழகத்தில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைக்கு வந்துவிட்டதும், தாய்மாருக்குத் தண்ணீர் கொடுக்கச் செவிலியர் வற்புறுத்துவதும் இந்நோயைத் தடுப்பதில் எந்தக் கதீட்டருக்கும் குறைந்தவை அல்ல.

வெடிப்பு வகையில் பெரும்பங்கு உயர் இரத்த அழுத்தத்தால் வருவது. அங்கே சுருளுக்கோ வலைக்கோ பெரும்பாலும் வேலை இல்லை. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டிலேயே கொண்டுசேர்ப்பதோடு, இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. மரக்காணத்துக் கடற்கரைக் குப்பத்திலோ செஞ்சி மலையடிவாரத்திலோ பக்கவாதத்திலிருந்து உயிர்தப்பிப் படுத்திருப்பவரின் மடங்கிய விரல்களை விரித்துப் பயிற்றும் அந்தப் பணியின் வரலாறு அடுத்த அத்தியாயத்துக்கு உரியது.

(தொடரும்)